கூற்றச்சமும் ஆக்கமும்

மனிதன் பாடுவதும், நூல் யாப்பதும், கற்றளி எடுப்பதும், ஓவியந் தீட்டுவதும் எக்காரணத்தால் என்று வினாவுவார்க்கு மேனாட்டு உளநூலாருள் ஒருசாரார் இக்காலத்துக் கூறும் விடை, சாவுக்கு அஞ்சுதலால் என்பது. தான் ஒருநாள் இறந்துபடுவோம் என்பதை முன்னரே அறிந்து வாழும் உயிர் மனிதன். அவ்வறிவு தாங்குதற்கு அரிதாதலின், தனக்குப் பின்னும் நிற்பதொன்றைச் செய்துவைத்து, அதன்கண் தானே நிற்பதாக எண்ணி அமைதி பெறுகின்றான். காவியமும் கலையும் கோயிலும் குலப்பெருமையும் அவ்வெண்ணம் மேற்கொண்ட பல வடிவங்களே என்பது அவர் கொள்கையின் சுருக்கம்.

இதனை யாம் ஈண்டு ஆராயப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. எம்மிடம் சித்தாந்த பாடங் கேட்டு வரும் இளைஞர் ஒருவர், தம் அன்னையார் சிவபதம் எய்திய சில திங்களுக்குப் பின் வந்து, "ஐயா, அம்மா நோயாய்க் கிடந்த நாளெல்லாம் அருகிருந்து அதிகைப் பதிகம் ஓதினேன். இப்பொழுது ஒரு நூல் படித்தேன். அந்நூலின்படி பார்த்தால், யான் ஓதியதும், அதனை முதலிற் பாடியவர் பாடியதும் சாவச்சத்தை மூடும் போர்வைகளே ஆகின்றன. அது பொய்யாயின் எவ்வாறு பொய் என்று தாங்கள் காட்டல் வேண்டும். மெய்யாயின் இனி யான் ஓதுவது எங்ஙனம்?" என்றார். அன்று எம்மால் தக்க விடை இறுக்க இயலவில்லை. 'அது நாத்திகர் கூற்று. விடுக' என்று தள்ளிவிடுதல் எளிது. துயரத்தோடு வந்து வினாவினார்க்கு அது விடையாகாது. நம் ஆசிரியர்களும் பரபக்கத்தை அவ்வாறு தள்ளினாரல்லர்; பிறர் கொள்கையை அவரே ஒப்புமாறு எடுத்தோதிய பின்னரன்றோ அருணந்தி தேவர் மறுக்கப் புகுந்தார்? ஆதலின் யாமும் அந்நெறியே பற்றி, முதற்கண் அக்கொள்கையை உள்ளவாறு கூறுவாம்.

அக்கொள்கையை விரித்தோருட் சிறந்தவர் எர்னெஸ்ட் பெக்கர் என்பார். அமெரிக்க நாட்டில் 1924-இல் யூதர் குடியிற் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரிற் படைவீரராய்ச் சென்று, செர்மானியர் அமைத்த கொலைச்சிறை ஒன்றனை விடுவித்தாருள் ஒருவராய் நின்று அங்குள்ள கொடுமையைக் கண்ணாற் கண்டவர். சாவின் மறுப்பு எனப் பெயரிய அவர்தம் நூல் 1973-இல் வெளிவந்தது. மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில், தமது 49-ஆம் அகவையில், அவர் புற்றுநோயால் இறந்தார். அந்நூற்குப் புலிட்சர் பரிசு வழங்கப்பெற்றது அவர் மறைந்த பின்னரேயாம். அவர் தமக்கு வழிகாட்டியாகக் கொண்டவர் வியன்னா நகரத்து ஆட்டோ ராங்க் (1884–1939). ராங்க் என்பார் கலையையும் கலைஞனையும் பற்றி 1932-இல் வெளியிட்ட நூலில், கலைஞனைத் தூண்டுவது தன்னை அழியாமற் செய்துகொள்ளும் வேட்கையே என்று நிறுவ முயன்றார்.

பெக்கர் கூறுவது யாது? மனிதன் ஈரியல்பினன். அறிவால் விண்மீன்களை அளக்கின்றான்; உடலால் புழுவுக்கு இரையாகின்றான். இவ்விரண்டனையும் ஒருங்கே நினைத்து ஒருவனும் வாழ்தல் அரிது. எனவே தன்னுடற் சிறுமையை மறைக்கும் ஓர் ஏற்பாட்டை ஒவ்வொரு குடியும் தன் மக்கட்கு அமைத்துக் கொடுக்கின்றது. போரிற் பெயர் பெறுதல், பொருளீட்டுதல், மக்களைப் பெறுதல், நூல் இயற்றுதல் ஆகிய இவற்றால் 'யான் வெறும் உடலல்லேன்; நிலைபெறும் ஒன்றற்கு உரியேன்' என்று ஒருவன் உணர்கின்றான். இம்முயற்சியின் அடித்தளத்தில், தன்னைத் தோற்றுவித்தார் பிறர் என்பதையும் மறுத்துத் தனக்குத் தானே காரணமாய் நிற்கவேண்டும் என்னும் அவா கிடக்கின்றது. கலைஞனிடத்து இவ்வவா மிக்குத் தோன்றும். அவன் பிறர் தந்த ஏற்பாட்டால் நிறைவுறாது, தனக்கென ஒன்றைத் தானே ஆக்கிக்கொள்ள முற்படுகின்றான்.

இக்கருத்துத் தமிழர்க்குப் புதிதன்று என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். நிலையாத உலகத்தில் நிலைபெற விரும்பினோர் தம் புகழை நிறுத்திவைத்துத் தாம் மறைந்தனர் என்னும் பொருள்படப் பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடியது புறநானூற்றில் 165-ஆம் பாட்டு. போரில் வீழ்ந்தானுக்குக் கல் நட்டுப் பெயரும் பீடும் எழுதிய வழக்கமும் அதுவே. இன்று பழங்கதையாயிற்றோ எனின், ஆகவில்லை. திருக்கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு அளித்த அன்பர், ஒளி பாதி மறையும்படி அவ்விளக்கின்மேலேயே 'உபயம்' என்று தொடங்கித் தம் பெயரும் ஊரும் தந்தையார் பெயரும் எழுதுவித்தலை நாடோறும் காண்கின்றோம். இருளை நீக்கவந்த விளக்கில் 'யான்' என்பது எழுதப்பட்டு நிற்கும் அக்காட்சியைப் பெக்கர் கண்டிருப்பின், தம் நூலில் ஓர் இயல் கூட்டியிருப்பார். நூல் அச்சிட்டு அதன் முகப்பில் உருவப்படம் சேர்க்கும் எம்போல்வார்க்கும் அவ்வியலில் இடம் உண்டு. எனவே மக்கள் செய்வனவற்றுட் பெரும்பகுதிக்கு இக்கொள்கை பொருந்தும் என்பதில் எமக்கு வழக்கில்லை. அஃது எல்லாவற்றிற்கும் பொருந்துமோ என்பதே வினா.

இனி, அவர் மாணவர் மரபினர் இதனைச் சோதனையாலும் காட்ட முயன்றனர். 1989-இல் வெளியிடப்பட்ட ஒன்று பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. அரிசோனா நாட்டுப் பகுதியில் நகர நீதிபதிகள் 22 பேரை எடுத்துக்கொண்டு, அவருட் சிலரைத் தம் சாவைப் பற்றிச் சிறிது எழுதச் செய்தனர். ஏனையோரை அவ்வாறு எழுதச் செய்திலர். பின்னர், பரத்தமைக் குற்றஞ் சாட்டப்பட்ட ஒருத்திக்குப் பிணைத்தொகை விதிக்கச் சொன்னபொழுது, சாவை நினையாதவர் சராசரி 50 டாலரும், நினைந்தவர் 455 டாலரும் விதித்தனர். சாவை நினைந்த மனம் தன் குடியின் ஒழுக்கத்தை இறுகப் பற்றி, அதனின் வழுவினாரைக் கடிதின் ஒறுக்கின்றது என்று அவர் முடிவு செய்தனர். இவ்வகைச் சோதனைகளுட் பெயர்பெற்ற ஒன்றனைப் பல ஆய்வுக்கூடத்தார் ஒருங்குகூடி மீளவும் செய்து 2022-இல் வெளியிட்டபொழுது, முன்னர்ச் சொல்லப்பட்ட விளைவு காணப்படவில்லை என்பதையும் உடன் கூறுதல் நேர்மை. ஆயினும் அச்சோதனைகளை அவர் கொண்டவாறே கொள்ளினும், அவற்றாற் பெறப்படுவது யாது? அச்சம் மனிதனைப் பழையதனைப் பற்றுவிக்கின்றது, சினப்பிக்கின்றது, தன்னினத்தோடு ஒட்டிக்கொள்ளச் செய்கின்றது என்பதன்றோ? புதியதொன்றை ஆக்குவிக்கின்றது என்பது அவற்றால் எங்ஙனம் பெறப்படும்? 1999-இல் அவர்களே செய்த வேறொரு சோதனையில், சாவை நினைப்பித்தபின் ஆக்கத்தொழிலில் ஈடுபடுத்தப்பட்டவர்பால் குற்றவுணர்வு மிக்குத் தோன்றியது. புதிது செய்பவன் இனத்தினின்று தனிப்படுகின்றான். அஞ்சினவனுக்குத் தனிப்படுதல் ஆற்றொணாததாகின்றது. அவ்வாறாயின் அச்சம் ஆக்கத்திற்குத் தாய் என்பதினும், ஆக்கும் கையைப் பிடித்து நிறுத்துவது என்பதே அவர் சான்றுக்கு அணித்தாகும்.

இஃது இவ்வாறாக, மெய்கண்ட நூல்களின் வழி நின்று இவ்விரண்டன் தொடர்பையும் காண்பாம்.

சாவச்சம் எவ்வுயிர்க்கும் பொது. பிறந்த பொழுதே பூச்சியும் சாவுக்கு அஞ்சுதலைக் காட்டி, முன்னர் இறந்த அனுபவம் இல்லாக்கால் அவ்வச்சம் நிகழாதாகலின் அது முற்பிறவிக்குச் சான்று என்று பதஞ்சலியாரின் யோகநூற்கு உரை கண்ட வியாசர் கூறுவர். கற்றாரிடத்தும் அது தன்னியல்பில் ஓடுவது என்பதும் அந்நூற் கருத்தே. ஆயின் சித்தாந்தத்தில் உயிர் நித்தம். உடம்பின் தோற்றமும் ஒடுக்கமும் பாம்பு தோலுரித்தலும் புள் முட்டையை விட்டு நீங்குதலும் போல்வன. இல்லது தோன்றாது, உள்ளது இல்லையாகாது என்னும் சற்காரியவாதம் பற்றி நோக்கின், சாவு என்பது தூலம் சூக்குமத்தில் ஒடுங்குதலே. மனிதன் செய்யும் ஆக்கமும் அவ்வாறே, முன் இல்லாததனைச் செய்தலன்றிச் சூக்குமமாய்க் கிடந்ததனைத் தூலமாக்குதலே யாம். (மனிதன் செய்வதனைப் 'படைப்பு' என்று இக்காலத்தார் வழங்குவது உபசார வழக்கு என்பதை நினைவிற் கொள்க, படைத்தற்றொழில் முதல்வன் ஒருவற்கே உரியது.) அங்ஙனமாகச் சாவுக்கு அஞ்சுவது எதனால்? உடம்பை நான் என்றும், உடம்போடு வந்தனவற்றை எனது என்றும் கொள்ளுதலால். அம்மயக்கத்தைத் தருவது ஆணவம். அதன் காரியங்களாக எண்ணப்படுவனவற்றுட் கவலையும் வாட்டமும் இருத்தல் காண்க.

ஈண்டுப் பெக்கரின் ஒரு சொல்லை நின்று நோக்குதல் வேண்டும். தனக்குத் தானே காரணமாதல் என்று அவர் கூறினாரன்றோ? அவர் மனிதனின் ஆழ்ந்த இயல்பு என்று கண்ட அதனையே நம் ஆசிரியர் உயிரின் இயல்பன்று, அதனைப் பற்றிய மலத்தின் இயல்பு என்று கண்டனர். சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் உயிர், தான் சார்பின்றி நிற்பதாகக் கொள்ளும் செருக்கே ஆணவத்தின் முதற்குறி. நோயை நோயாளியினின்று பிரித்தறியாத மருத்துவர் நோயின் குறிகளை மிக நுட்பமாக எழுதிவைத்தல் கூடும். உடல் என்பதே இதுதான் என்றும் அவர் முடித்துவிடுவர். பெக்கர் எழுதியது ஆணவ இலக்கணம். அவ்வளவில் அதனினும் நுட்பமான மேனாட்டு நூலை யாம் கண்டிலேம்.

இனி ஆக்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது? அசுத்த மாயையினின்று காலமும் நியதியும் கலையும், கலையினின்று வித்தையும் அராகமும் தோன்றும் என்பது மெய்கண்ட நூலோர் துணிபு. இவ்வைந்தும் உயிர்க்குச் சட்டைபோற் பொருந்துதலின் பஞ்சகஞ்சுகம் எனப்படும். ஆணவத்தால் முழுதும் மறைப்புண்டு கிடந்த உயிரின் செயலாற்றலைச் சிறிது விளக்குவது கலை. அறிவாற்றலை விளக்குவது வித்தை. விழைவாற்றலை எழுப்புவது அராகம். காலமோ இறந்தது, நிகழ்வது, எதிர்வது என வரையறுக்கின்றது. நியதி அவரவர் வினைப்பயனை அவரவரே நுகருமாறு நிறுத்துகின்றது. கலை என்னும் தத்துவப் பெயரும் பாட்டு ஓவியம் முதலியவற்றைக் குறிக்கும் கலை என்னும் சொல்லும் ஒன்றென்று கொண்டு சொல்லொப்புமையின் மேல் மாளிகை கட்டுவார் சிலர். அது வேண்டா. பொருளையே நோக்குக. ஒருவன் பாடற்கும் செதுக்கற்கும் வேண்டும் செயல், அறிவு, விழைவு மூன்றும் எச்சட்டையால் வந்தனவோ, அச்சட்டையின் மற்றைப் புறமே காலவரையறை. உயிர் செயற்படத் தொடங்கும் பொழுதே நாள் எண்ணப்படத் தொடங்குகின்றது.

எனவே, ஆக்கத்திற்கும் சாவச்சத்திற்கும் உள்ள உறவு தாய்மகவு உறவன்று, உடன்பிறப்பு உறவு. இரண்டும் ஒருங்கு காணப்படுதல் கொண்டு ஒன்று மற்றொன்றிற் பிறந்தது என்பது, தீயின்கண் வெம்மையும் ஒளியும் ஒருங்கு காணப்படுதலின் வெம்மையே ஒளியைப் பிறப்பித்தது என்பது போலும். இரண்டும் தீயினின்றே வந்தன. பக்குவம் வாராத நிலையில் அராகம் காலவரையறையைக் கண்டு வெருவி, 'யான் நிற்றல் வேண்டும்' என்று செயலை ஏவும். அந்நிலையிற் செய்யப்படுவன எல்லாம் பெக்கர் சொன்னவாறே இருக்கும். பக்குவம் வந்துழி அச்சம் நீங்கும். ஆனால் கலையும் வித்தையும் விளக்கிய ஆற்றல் அதனோடு நீங்கவேண்டுவதில்லை. இதுவே உடன்பிறப்பு உறவு என்றதன் பயன்.

இதனைத் தேர்தற்கு ஓர் உரைகல் உண்டு. அச்சமே ஆக்கத்தின் ஊற்றாயின், அச்சம் ஒழிந்த இடத்தில் ஆக்கமும் வற்றுதல் வேண்டும். வற்றாது பெருகினார் ஒருவர் உளராயினும் அக்கொள்கை முழுதும் நில்லாது. அவ்விளைஞர் ஓதிய பதிகத்தின் ஆசிரியரையே எடுத்துக்கொள்வாம்.

திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாறு, மேலோட்டமாக நோக்குவார்க்குப் பெக்கர் கொள்கைக்கே சான்றாகத் தோன்றும். பாடலிபுத்திரத்துச் சமண் பள்ளியில் தருமசேனராய்ப் பல நூலும் பயின்று பெருமையுற்றிருந்த காலத்து அவர் பாடியதாக நமக்கு ஒரு பாட்டும் கிடைத்திலது. சூலை பற்றியது. மருந்தும் மந்திரமும் பயன்படவில்லை. தமக்கையார் திலகவதியாரிடம் வந்து திருநீறு பெற்று, அதிகை வீரட்டானத்து முன் வீழ்ந்து பாடினார். அப்பதிகத்தின் முதற்சொல்லே கூற்று என்பது. நோயைக் கூற்றுவனாகக் கண்ட அச்சத்தின் வாயிலிருந்து தமிழின் பெரும்பாவலர் ஒருவர் பிறந்தார் என்று பெக்கரின் வழியினர் மகிழ்ந்து கூறலாம். அதனை யாம் மறுக்கவில்லை. ஆண்டு அச்சம் இருந்தது, வலி இருந்தது, உயிர்போம் என்னும் நடுக்கமும் இருந்தது.

ஆயின் அதன்பின் நிகழ்ந்தது யாது? பல்லவ வேந்தன் ஏவலாளர் வந்து அழைத்தபொழுது சுவாமிகள் விடையாகப் பாடியது மறுமாற்றத் திருத்தாண்டகம். கூற்றை அழைத்துத் தொடங்கிய நா, சிறிது காலத்துள் நமனுக்கும் அஞ்சோம் என்று சொல்லிற்று. சொல்லியதோடு நில்லாது நீற்றறையிலும், நஞ்சிலும், யானையின் முன்னும், கல்லோடு கட்டிக் கடலிலிட்ட இடத்தும் அச்சொல் மெய்யாதல் கண்டோம். அச்சம் அன்றே ஒழிந்தது. ஒழிந்தபின் பாட்டு நின்றதா? நான்காம் ஐந்தாம் ஆறாம் திருமுறைகளில் இன்று நமக்குள்ள பதிகம் 312. சேக்கிழார் காட்டும் முறையால் நோக்கின், அவற்றுள் மிகப்பல அவ்வச்சம் ஒழிந்தபின் தலந்தோறும் நடந்து நடந்து பாடப்பட்டனவே. 81 ஆண்டு வாழ்ந்தார் என்பது வழிவழி வந்த வழக்கு. முதுமையிற் கயிலைக்கு நடக்கப் புகுந்து கால் தேய்ந்து கை தேய்ந்து உருண்டு சென்ற நாளிலும், ஐயாற்றுக் குளத்தினின்று எழுந்த நாளிலும் பாட்டுக் குறைந்ததில்லை.

'நிற்றல் வேண்டும்' என்னும் வேட்கை அப்பாட்டுக்குக் காரணமாயின் அவற்றைக் காப்பதில் ஒரு முயற்சியாவது காணப்படல் வேண்டுமன்றோ? சுவாமிகள் அருளிய பதிகம் 49,000 என்று திருமுறைகண்ட புராணம் கூறும். நம்பியாண்டார் நம்பிகள் காலத்தில் தில்லையிற் கதவம் திறந்தபொழுது புற்று மூடிச் செல்லரித்த ஏடுகளே கிடந்தன. தொகையைப் பற்றி ஆராய்ச்சியாளர் ஐயுறினும் ஐயுறுக. பாடினவர் ஏட்டைப் பற்றிக் கவலைப்பட்டதாக ஒரு குறிப்பும் எங்கும் இல்லை என்பது அவரும் ஒப்புவது. கவலைப்பட்டது எதனைப் பற்றி? திருமுற்றத்துப் புல்லைப் பற்றி. கையில் ஏந்தியது உழவாரம். புல் செதுக்குதல், செய்தவன் பெயரை ஒரு நாளேனும் தாங்கி நில்லாத தொழில்; இன்று செதுக்கிய இடத்தில் அடுத்த மழைக்குப் பின் மீண்டும் முளைக்கும். தமிழில் இணையற்ற தாண்டகங்களைப் பாடிய கை, அப்பாட்டோடு வேற்றுமையின்றி இதனையும் செய்தது. அழியாமை தேடுவான் ஒருவன் இவ்விரண்டனையும் ஒரு நிகராகச் செய்தல் கூடுமோ என்பதை அக்கொள்கையினரே சிந்திக்க.

ஈண்டு ஒரு தடை நிகழும். சுவாமிகளின் பிற்காலத் திருப்பாட்டுக்களிலும் யாக்கையின் நிலையாமையும், நமன்தமர் வருகையும், இறுதிநாளின் தளர்ச்சியும் பல்காலும் வருகின்றனவே. அச்சம் ஒழிந்தது என்பது எங்ஙனம் எனின், நன்று வினாயினாய். அவற்றுட் பல உலகரை நோக்கியன. தம்மை நோக்கியனவற்றில் அச்சம் உளதேல், அஃது எதனைப் பற்றியது என்று நோக்குக. உயிர் நீங்கும் பொழுது நினைவு தளர்ந்து இறைவனை மறப்போமோ என்பதே ஆண்டுள்ள நடுக்கம். காரைக்காலம்மையார் இறைவன்பாற் கேட்ட வரங்களைச் சேக்கிழார் அடுக்கும் முறையும் இதுவே: பிறவாமை வேண்டினார், பிறப்பு உண்டேல் மறவாமை வேண்டினார். இறவாமை அவ்வடுக்கில் இல்லை. மேனாட்டார் இறப்பை அஞ்சுவர். நம்மவர் பிறப்பை அஞ்சினர் என்று பொதுவாகக் கூறுவதுண்டு. அஃது உண்மையே எனினும் முடிவன்று. பிறப்பச்சத்தையும் கடந்து, மறதியச்சம் ஒன்றே எஞ்சி நிற்கும் இடம் உண்டு. தன்னை இழத்தற்கு அஞ்சுதல் வேறு. தலைவனை இழத்தற்கு அஞ்சுதல் வேறு. முன்னையது பெக்கர் கண்டது. பின்னையதற்கு அவர் நூலிற் பெயரில்லை. நம் நூலில் அதற்கு அன்பு என்று பெயர்.

அங்ஙனமாயின் முதலிற் சூலையும் அச்சமும் வந்தது எதற்கு எனின், திருப்புதற்கு. மலம் பரிபாகமுறுமாறு இறைவனது சத்தி மறைந்து நின்று நடத்துவதைத் திரோதானம் என்பர். அச்சமும் அதன் கருவியாகும். அது தருமசேனர்க்குப் பாடும் ஆற்றலைப் படைத்துக் கொடுக்கவில்லை. சமண் நூல்களைப் பயின்று அவர்களுள் தலைவராய் விளங்கியார்க்கு அது முன்னரே இருந்தது. இருந்த ஆற்றலின் முகத்தை அது திருப்பிவிட்டது. நீர்மடையை வெட்டித் திருப்புகின்ற மண்வெட்டியை நீரின் ஊற்று என்று யாரும் கூறார்.

முகந் திரும்பிய ஆற்றலின் செயற்குச் சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரத்தில் இறைபணி என்று பெயர் தந்தார் மெய்கண்டார். ஏகனாகி இறைபணி நிற்பார்க்கு மலமாயையும் வல்வினையும் இல்லையாம் என்றதனால், செயலொழிதல் ஆண்டுக் கூறப்படவில்லை என்பதும், செயலின்கண் 'யான் செய்தேன்' என்பது ஒழிதலே கூறப்பட்டது என்பதும் பெறப்படும். முதல்வனது ஐந்தொழிலும் குறையை நிரப்பும் பொருட்டு நிகழ்வனவல்ல. உயிர்களின் மேல் வைத்த அருளால் நிகழ்வன. அழித்தலும் உயிர்களின் இளைப்பொழித்தலே என்பர் நம் ஆசிரியர். பணியில் நின்றார் செய்யும் ஆக்கமும் அவ்வருளின் வழிப்பட்டதாகலின், குறையாற் பிறந்தது அன்று.

அவ்வுயர்நிலை எய்தினாரை விடுத்து, நமக்கு அணித்தான காலத்துப் புலவர் ஒருவரையும் காட்டுவாம். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாய் விளங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) தலபுராணங்களாக மட்டுமே இருபதுக்கு மேற்பட்டன இயற்றியவர்கள். மாணாக்கர் ஏட்டில் எழுதும் விரைவுக்கு முந்தி வாய்மொழியாகச் செய்யுள் சொல்லிச் செல்வது அவர்கள் வழக்கம். குசேலோபாக்கியானம் என்னும் நூல், அவர்களை ஆதரித்த மாணாக்கர் வல்லூர்த் தேவராச பிள்ளை பெயரால் வெளிவந்தது. அதனை இயற்றினவர்கள் பிள்ளையவர்களே என்பதை உ. வே. சாமிநாதையர் தாம் எழுதிய சரித்திரத்தில் தெரிவிக்கின்றார். இதனைக் குற்றமாகக் கூறுவாரும் உளர்; நூலைப் பிறர் பெயரில் விடுதல் முறையோ என்பது தனி வழக்கு. எமக்கு வேண்டுவது இவ்வளவே. பெயர் நிற்றற்காகவே மனிதன் நூல் செய்கின்றான் என்பது முழு உண்மையாயின், ஒரு பெருநூலைச் செய்து அதன் பெயரை மட்டும் எடுத்துப் பிறர் கையிற் கொடுத்துவிடுதல் எவ்வாறு இயன்றது? அவர்களை முத்தர் என்று யாம் கூறவில்லை. கடனும் கவலையும் உடைய இல்லறத்தாராகவே இருந்தார்கள். அத்தகையாரிடத்தும், செய்யுள் செய்யும் பொழுதில் அச்சமும் புகழவாவும் அல்லாத பிறிதொன்று தொழிற்பட்டது என்பதை மறுக்க இயலாது.

பெக்கரைப் பற்றி முடிக்குமுன் ஒன்று கூறாது விடுதல் அவர்க்கு இழைக்கும் அநீதியாகும். அவர் வழிகாட்டியாகிய ராங்க், கலைஞன் முடிவில் தன் கலைவழி அழியாமை தேடுதலையும் துறந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் நிலைக்கு வரவேண்டும் என்று எழுதினார். பெக்கரும், தான் ஆக்கியதைத் தன் அழியாமைக்கு ஈடாக வைத்துக்கொள்ளுகின்ற கலைஞன் அமைதி பெறான் என்றும், அதனைத் தன்னினும் மேலான ஒன்றற்குக் காணிக்கையாக ஒப்புவித்தலே அவனுக்குள்ள வழி என்றும் கண்டார். இஃது ஆன்மநிவேதனத்தின் வாயில்வரை வந்த சொல். மேலானது ஒன்று உண்டு என்பதை அளவையால் நிறுவும் நூல் அவர் கையில் இல்லாமையால், வாயிலிலேயே நின்றுவிட்டார். நம்மவருள் அவரை நாத்திகர் என்று ஒதுக்குவார் அந்நூலின் பிற்பகுதியைப் படித்தாரல்லர் என்று எண்ணுகின்றோம்.

இவற்றையெல்லாம் அவ்விளைஞர்க்கு இரண்டு மாலைப்பொழுதுகளிற் கூறினோம். அமைதியாகக் கேட்டு, "சுவாமிகள் பாடியது போர்வையன்று என்பது விளங்குகின்றது, ஐயா. பக்குவம் இல்லாத யான் ஓதியது எவ்வகையிற் சேரும்?" என்றார். நும் அச்சம் நும் சாவைப் பற்றியதா என்று யாம் திருப்பி வினாவினோம். இல்லை, அம்மாவின் பிரிவைப் பற்றியதே என்றார். அங்ஙனமாயின் தன் சாவை மறைக்கும் போர்வை என்பது முதலிலேயே பொருந்தாது என்றோம். சிறிது பொழுது வாளாவிருந்தார். பின்னர், இன்னொன்றும் உண்டு, அதனைத் தாம் முன்பு சொல்லவில்லை என்று கூறி, "நோய் தீரும் என்று எண்ணி முதலில் ஓதத் தொடங்கியவன் யான். இனித் தீராது என்று மருத்துவர் அம்மாவின் முன்னிலையிலேயே சொல்லிவிட்டார். அன்று மாலை யான் ஓதாமல் இருந்தேன். அம்மாதான், 'ஏன் நிறுத்திவிட்டாய்? ஓது' என்று கேட்டார்கள்" என்றார்.